பாங்காக்குக்கு நாலு நாள், பரமக்குடிக்கு ஒரு நாளும் இல்லை

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவர் சொந்தமாகக் கம்பெனி நடத்துபவர். சாம்பார் வருவதற்குள் தொழிலைப் பற்றியும் ரசம் வருவதற்குள் காரைப் பற்றியும் சொல்லி முடித்துவிட்டார். பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அது வந்தது.

"நம்ம சேல்ஸ் பசங்க அறுபது பேரைத் தாய்லாந்து கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டனுங்க. இனி ஒரு வருசத்துக்குக் கவலையில்லை. பேட்டரி ஃபுல் சார்ஜ்."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "ஆளுங்களை மோட்டிவேட் பண்ண இதைவிட்டா வேற வழியே இல்லைங்க" என்று ஒத்து ஊதினார். நான் அப்பளத்தை நொறுக்கினேன். கல்யாண வீட்டில் அதற்குமேல் எதையும் நொறுக்க முடியாது.

பந்தியில் விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிமெண்ட், பெயிண்ட், டயர், மாத்திரை, இன்சூரன்ஸ் என்று எதை விற்கிற கம்பெனியாக இருந்தாலும், ஆட்களை மூட்டைகட்டி ஒரு வெளிநாட்டுக் கடற்கரையில் இறக்கிவிட்டால் அவர்கள் வருடம் முழுக்க விசுவாசமாக ஓடுவார்கள் என்று நம்புகிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னதிலிருந்து இந்த நம்பிக்கை இன்னும் மலிவாகிவிட்டது. மீனம்பாக்கம் போனால் பார்க்கலாம். ஒரே நிறச் சட்டை, ஒரே நிறத் தொப்பி, ஃபிளெக்ஸ் பேனரை ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டு நாற்பது நடுவயது ஆண்கள். பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனில் டீச்சர் எண்ணுவதுபோல ஒரு இளைஞன் அவர்களை எண்ணிக்கொண்டிருப்பான். அந்த வரிசையில் என் தங்கை மாப்பிள்ளையும் ஒருமுறை நின்றார்.

அவருக்குப் பதினோரு வருட விற்பனை அனுபவம். கம்பெனி எதுவென்பது இங்கே வேண்டாம். வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரை அவருடைய ஏரியா. சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். மாசிக் களரியில் குலதெய்வம் கோவிலில் மூத்த பெண்ணுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. நான் தாய்மாமன், குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். பத்திரிகை அடித்தாயிற்று, கிடாய்க்குச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை இரண்டு நாள் லீவு கேட்டார். "க்ளோசிங் நேரத்துல லீவா?" என்று அவருடைய மேனேஜர் கேட்டாராம். கேள்விக்குறியோடு முடிந்தாலும் அது பதில்தான்.

ஆசாரி காதில் ஊசி வைத்தபோது குழந்தை போட்ட கூச்சலை அதன் அப்பா ஆம்பூரில் ஒரு டீலரின் குடோன் வாசலில் நின்றபடி வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பாதி அழுகைதான் அவருக்குக் கிடைத்தது.

அதே மனிதரை அதே கம்பெனி ஜூன் மாதம் நாலு நாள் பாங்காக் அனுப்பியது. டார்கெட்டில் 108 சதவீதம் அடித்ததற்குப் பரிசு. அதுவும் எப்போது? பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில். குழந்தையை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டதும் மாமன்தான்.

பாங்காக்குக்கு நாலு நாள் விட முடிகிற கம்பெனிக்கு, பரமக்குடிக்கு இரண்டு நாள் விட முடியவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஆனால் கோபம் ஒரு வரியில் அடங்குகிற சாமான் இல்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்படி ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை உண்டு. நோய்க்கு 12 நாள் தனி. இதுபோக, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துக்கொள்ள இன்னொரு 12 நாள். பெற்ற பெண்ணுக்குக் காது குத்துவதைவிட நியாயமான காரணம் ஒன்றை அந்த மேனேஜர் கண்டுபிடித்துச் சொல்லட்டும், நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுகிறேன். சட்டம் கொடுத்த நாளைப் பிடித்துவைத்துக்கொண்டு, கம்பெனி கொடுக்கிற நாளுக்குக் கைதட்டச் சொல்வதுதான் இந்தப் பரிசுப் பயணத்தின் சூட்சுமம். அவனவன் பணத்தையே எடுத்து அவனவனுக்கே மொய் எழுதுகிற வேலை.

சரி, போன இடத்தில் என்ன நடந்தது? இரவு விமானம், மூன்றரை மணி நேரம், தூக்கமில்லை. இறங்கிய கையோடு பட்டாயாவுக்குப் பஸ். ஹோட்டலில் இரண்டு பேருக்கு ஒரு அறை. மாப்பிள்ளைக்கு ஜோடியாக வாய்த்தவர் அதே மேனேஜர். க்ளோசிங் நேரத்தில் லீவு தராதவரின் குறட்டையை மூன்று ராத்திரி கேட்பது எந்த டார்கெட்டுக்கான பரிசு என்று நான் கேட்டேன், மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பவளத்தீவுக்குப் படகு. மூன்றாம் நாள் நவரத்தினக் கடைக்குள் ஒன்றரை மணி நேரம் அடைத்துவைத்தார்கள். அங்கே யாரும் எதுவும் வாங்கவில்லை, எல்லாரும் ஏசிக்காக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வேளையும் பட்டர் நானும் பனீரும். தாய்லாந்துச் சாப்பாடு என்று அவர் ருசித்தது ஒரு இளநீர். அன்று ராத்திரி சாவ் பிரயா ஆற்றில் கப்பல் விருந்து. கப்பலின் மேல்தளத்தில், நெற்றி வியர்க்க எல்லாரும் ஆடி முடித்த பிறகு, மைக்கைப் பிடித்த பெரியவர் அடுத்த வருட டார்கெட்டை அறிவித்தார். 22 சதவீதம் கூடுதல். "அடிச்சா வியட்நாம்!" விசில் பறந்ததாம். ஆற்று நடுவில் கப்பலில் இருக்கிறவன் வேறென்ன செய்வான், குதிக்கவா முடியும்?

நடுவில் ஒரு நாள் காலை ஹோட்டல் ஹாலில் இரண்டு மணி நேரம் மீட்டிங் போட்டிருக்கிறார்கள். அரைக்கால் டவுசரோடு உட்கார்ந்து ப்ராடக்ட் பிரசன்டேஷன் பார்த்தார்களாம். கம்பெனி ஊழியருக்குக் கொடுக்கிற உல்லாசப் பயணம் வருமான வரிக் கணக்கில் சம்பளத்தோடு சேரும் சலுகை. வேலை நிமித்தமாகப் போனால் சேராது. அந்த இரண்டு மணி நேர மீட்டிங்கின் அருமை இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் கம்பெனிக்கு அந்தச் சாமர்த்தியமும் பலிக்கவில்லை. படிவம் 16-இல் 55,000 ரூபாய் ஏறியிருந்தது. அவர் 20 சதவீத வரம்பில் இருப்பவர். செஸ்ஸையும் சேர்த்தால் 11,440 ரூபாய். தான் கேட்காத ஊருக்கு, தான் தேர்ந்தெடுக்காத ஆளோடு ஒரே அறையில் தங்கிவிட்டு வந்ததற்கு என் மாப்பிள்ளை சர்க்காருக்குக் கட்டிய கூலி இது. அந்த 11,440 ரூபாயில் பரமக்குடியில் நாங்கள் வெட்டிய கிடாயே வந்துவிடும்.

டீலர்களும் இதற்கு விலக்கில்லை. 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்று ஒரு பிரிவு அமலுக்கு வந்தது. தொழில் செய்கிறவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிச் சலுகை கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். பரிசு என்ற பேச்சை வருமான வரித் துறை நம்பவில்லை, அதை வருமானம் என்றே எழுதிக்கொள்கிறது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? மீட்டிங், இன்சென்டிவ், கான்ஃபரன்ஸ், எக்சிபிஷன் என்ற நாலு சொல்லின் முதலெழுத்தைச் சேர்த்து, மைஸ். இங்கிலீஷில் எலிகள் என்று அர்த்தம். வைத்தவர் விளையாட்டாக வைத்தாரோ, தெரியாமல் வைத்தாரோ, பொறியில் மாட்டுகிற மசால்வடையின் வாசனை அந்தப் பெயரிலேயே அடிக்கிறது. டிராவல் ஏஜென்சிக்காரர்கள் இதைக் கூச்சமில்லாமல் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

மசால்வடையை முதலில் மாட்டியவர்கள் அமெரிக்கர்கள். கல்லாப்பெட்டி இயந்திரம் விற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியின் ஜான் பாட்டர்சன், விற்பனையாளருக்கு ஏரியா பிரித்து, ஏரியாவுக்கு டார்கெட் வைத்து, டார்கெட் அடித்தவர்களைத் தனி கிளப்பாகச் சேர்த்து விழா எடுத்தார். அவரிடம் பாடம் படித்து, பிறகு அவராலேயே வெளியேற்றப்பட்ட தாமஸ் வாட்சன் அதே ஏற்பாட்டை ஐபிஎம்முக்குக் கொண்டுபோய் நூறு சதவீத கிளப் என்று பெயர் வைத்தார். கம்பெனிப் பாட்டுகூட உண்டு, எழுந்து நின்று பாடுவார்கள். மாப்பிள்ளையின் கப்பலில் மேல்தளத்தில் ஆடவைத்தது இந்தப் பரம்பரைதான்.

பேட்டரிக்கு வருகிறேன். கோயம்புத்தூர்க்காரர் தன் சொந்தச் சரக்குபோலச் சொன்ன அந்தப் பேட்டரியை 1968-லேயே ஒருவர் உடைத்துப்போட்டுவிட்டார். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை. ஊழியரை ஊக்குவிப்பது எப்படி என்பதுதான் பொருள். நாயை உதைத்தாலும் நகர்கிறது, பிஸ்கட் காட்டினாலும் நகர்கிறது. இரண்டிலும் ஆசை எஜமானுடையதுதான், நாயுடையது இல்லை என்கிறார். பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றலாம், தீர்ந்தால் மறுபடி ஏற்றலாம். ஆளுக்குள் சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் ஓடினால்தான் அதற்கு ஊக்கம் என்று பெயர் என்பது அவர் வாதம். அதாவது பேட்டரி என்று சொன்ன மாத்திரத்திலேயே பக்கத்து இலைக்காரர் தன் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு அது தெரியாது, பாயசம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1973-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் படம் வரைய ஆசையுள்ள குழந்தைகளைப் பிடித்து, வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினரிடம் மட்டும் சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். பிற்பாடு சும்மா விட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்கு ஆசைகாட்டப்பட்ட குழந்தைகள்தான் குறைவாக வரைந்தன. விருப்பமாகச் செய்ததைக் கூலிக்குச் செய்ததாக அவற்றின் மனது எழுதிக்கொண்டது. மூன்று, நாலு வயதுக் குழந்தைக்குப் புரிகிற கணக்கு மனிதவளத் துறை என்ற பெயரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியவில்லை. மனிதவளமாம்! கனிமவளம், கடல்வளம் மாதிரி தோண்டி எடுக்கிற சமாசாரம்.

எடுத்துக்காட்டாக விளங்குகிற பெரிய கம்பெனிகளின் லட்சணத்தையும் பாருங்கள். 2008 செப்டம்பரில் ஏஐஜி என்ற இன்சூரன்ஸ் யானை திவாலாகாமல் இருக்க அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. நிறுத்திய சில நாட்களிலேயே அதன் கிளை நிறுவனமொன்று, நன்றாக விற்ற ஏஜெண்டுகளை கலிஃபோர்னியாவில் ஒரு கடற்கரைச் சொகுசு விடுதிக்குக் கூட்டிப்போய் 4,40,000 டாலருக்கு மேல் செலவழித்தது. அதில் மசாஜ், குளியல் வகையறாவுக்கு மட்டும் 23,000 டாலர். நாடாளுமன்றக் குழுவில் பில்லை வாசித்துக்காட்டி மானத்தை வாங்கினார்கள். அதற்கு முந்தின வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க்-மன்ஹைமர் இன்சூரன்ஸ் தன் சிறந்த விற்பனையாளர்களை புடாபெஸ்டின் புகழ்பெற்ற கெல்லர்ட் குளியல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே என்ன ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பெண்களின் மணிக்கட்டில் கட்டிய பட்டையின் நிறம் யார் யாருக்கு என்று காட்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 2011-இல் விஷயம் பத்திரிகையில் வந்தபோது தாய்க் கம்பெனி தலைகுனிந்தது. இதுவும் ஊக்குவிப்புதான், சந்தேகமே வேண்டாம். பரமக்குடியில் நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு கறிச்சோறு மட்டும்.

கடைத்தெருவுக்கு வாருங்கள், வியாதி இன்னும் நன்றாகத் தெரியும். மார்ச் 31 ராத்திரி பதினொன்றரை மணிக்கு டீலர் குடோன்களில் லாரி நிற்கும். விற்ற சரக்கு இல்லை அது, ஏற்றிவிட்ட சரக்கு. "அண்ணே, இன்னும் முப்பது பெட்டி இறக்கிக்கங்க, எனக்கு ஸ்லாப் தாண்டிரும், ஏப்ரல்ல ரிட்டர்ன் எடுத்துக்கிறேன்" என்று சேல்ஸ் பையன் கெஞ்சுவான். டீலருக்கும் அதே ஸ்கீமில் ஒரு சீட் இருப்பதால் இறக்கிக்கொள்வார். ஏப்ரலில் பாதிச் சரக்கு திரும்பும். நடுவே இரண்டு பேரும் பட்டாயா போய்விட்டு வந்திருப்பார்கள். இதை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் வண்ணக் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். பூச்சிமருந்துக் கடையில் இது இன்னும் மோசம். வாடிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு "தம்பி, இதுக்கு எதாச்சும் குடு" என்று வந்து நிற்கிற சம்சாரிக்கு, அந்த இலைக்கு எது தேவையோ அது கிடைக்குமா, கடைக்காரருக்கு எதில் பாயிண்ட் குறைகிறதோ அது கிடைக்குமா? பருத்தியில் விழுந்த புழு கடைக்காரரின் டூர் வரைக்கும் காத்திருக்காது.

டூர் பட்டியலில் யார் பெயர் இருக்காது என்று பாருங்கள். அந்த மார்ச் 31 ராத்திரி பன்னிரண்டு மணிவரை இருந்து இன்வாய்ஸ் போட்ட அக்கவுண்ட்ஸ் பெண் இருக்கமாட்டாள். மூட்டை ஏற்றிய லோடுமேன் இருக்கமாட்டார். விற்பனையிலேயே ஒரு பெண் முதலிடம் வந்தால்? "அவங்க வீட்டுல விடமாட்டாங்க" என்று அவளைக் கேட்காமலேயே முடிவுகட்டி ஒரு மிக்ஸியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆணுக்குக் கடற்கரை, பெண்ணுக்குச் சட்னி.

பறப்பது இருக்கட்டும். நம் ஊரில் துணிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-இல்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்டவர்களுக்காகச் சட்டமன்றம் கூடி, உட்காரலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் அதே சட்டமன்றம் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்து ஒரு மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. உட்கார ஸ்டூல் கேட்டவனுக்குச் சட்டம் தேவைப்படுகிற ஊரில், ஊழியரின் மகிழ்ச்சிக்காக விமானம் ஏற்றுகிறோம் என்று பேசுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

போனஸ் கதையும் இதுதான். 1924-இல் பம்பாய் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்ததே போனஸுக்காக. முதலாளி அதை இனாம் என்றார், தொழிலாளி பாக்கிச் சம்பளம் என்றார். நாற்பது வருடம் இழுத்து, 1965-இல் சட்டமாகி, குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று நிலைத்தது. இனாமாக இருந்ததை உரிமையாக்க இரண்டு தலைமுறை ஆயிற்று. இப்போது உரிமையாக இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இனாமாக்கி, ரிப்பன் கட்டி, பேனர் பிடிக்கவைத்து, குழு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஊர் சுற்றுவது தப்பா?" என்று கேட்பீர்கள். சுற்றட்டும், யார் வேண்டாமென்றது! அரசு வங்கி ஊழியர்களுக்கு எல்டிசி என்று ஒரு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு, குடும்பத்தோடு போகலாம், இடத்தை அவர்களே முடிவுசெய்துகொள்ளலாம். ஸ்டேட் வங்கிக்காரர்கள் சிலர் டெல்லியில் கிளம்பி மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு வழியாக டெல்லி திரும்பினார்கள். உள்நாட்டுப் பயணத்துக்குத்தான் வரிவிலக்கு, இந்த வட்டத்துக்குக் கிடையாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி தோற்றுப்போனார்கள். ஆனாலும் எனக்கு அவர்கள்மீது ஒரு மரியாதை. தங்கள் உரிமையை எடுத்துக்கொண்டு தங்கள் பாட்டைத் தாங்களே வகுத்தவர்கள். மேனேஜரின் குறட்டை கிடையாது, பேனர் கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள்: மதுரை வரைக்கும் வந்தவர்கள் நினைத்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் பரமக்குடியும் போயிருக்கலாம். டெல்லிக்காரனால் முடிகிறது.

மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டாவது பெண். வருகிற மாசிக் களரிக்கு அவளுக்கும் மொட்டை, காதுகுத்து. தேதி சொல்ல நான்தான் ஊருக்குப் போயிருந்தேன். பூசாரி நோட்டில் எழுதிக்கொண்டு, "இந்த வாட்டியாச்சும் பிள்ளையோட அப்பன் வருவாராப்பா?" என்று கேட்டார்.

வியட்நாமிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.